அ, ஆ அப்புறம்! பேரும் வீடும் முதல்ல! ஒண்ணாம் வகுப்பில் முதல் நாள் நடக்க வேண்டியது என்ன?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் முதல் நாள் காலையில் ஊரெங்கும் ஒரே காட்சிதான்!

"அம்மா போவாதே! நானும் வரேன்!"

கேட் ஓரமாக ஒரு பிள்ளை அம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக் கொண்டு கதறும். இன்னொன்று தரையில் புரளும். ஆயா ஒன்றை இடுப்பில் தூக்கிக் கொண்டு உள்ளே ஓடுவார். ஒரு பிள்ளை அழுதால் போதும். அதுவரை சிரித்துக் கொண்டிருந்த 10 பிள்ளைகளும் சேர்ந்து அழும்! வெளியே அம்மாவும் கண்ணைத் துடைப்பார். ஆபீசுக்கு நேரமாச்சே என்று அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார்.

அங்கன்வாடியோ எல்.கே.ஜி.யோ போய் வந்த பிள்ளைக்கும் இது புது இடம்தான். புது டீச்சர், புது முகங்கள்.

அன்றைக்கு வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தர வேண்டும்? அ, ஆவா? ஏ, பி, சி, டி.யா?

ஒன்றும் வேண்டாம்! முதல் நாளில் 3 விஷயம் போதும்.

தன் பேரை நாலு பேர் முன்னால் சொல்லத் தெரியணும். அவசரம் என்றால் யாரிடம் கேட்பது, எங்கே போவது என்று தெரியணும். சாயங்காலம் யாரோடு வீட்டுக்குப் போகணும் என்று தெரியணும்.

"பூ, இவ்வளவுதானா?" என்று நினைக்க வேண்டாம். இந்த மூன்றும் தெரியாத பிள்ளையால் ஒரு குடும்பமே ராத்திரி முழுக்க போலீஸ் நிலைய வாசலில் நிற்க நேரிடும்!

அப்பா பேரு "அப்பா"!

திருவிழா, கடற்கரை, பஸ் நிலையம், தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெரு... இங்கெல்லாம் கூட்டத்தில் கை நழுவிப் போகும் பிள்ளையிடம் ஏட்டையா விசாரிக்கும் விதம் இப்படித்தான் இருக்கும்:-

"உன் பேரு என்னம்மா?"

"அம்மு."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீடு எங்கே?"

"கடைக்குப் பக்கத்துல."

ஊரில் எத்தனை அம்மு! எத்தனை கடை! பிள்ளையின் வாயில் முழுப்பேரும் அப்பா பேரும் தெருப் பேரும் இருந்தால், மைக்கில் சொன்ன கொஞ்ச நேரத்தில் ஆள் வந்து விடும்.

இதே கூத்து வகுப்பறையிலும் நடக்கும். "கார்த்திகேயன்!" என்று டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பார். பதில் வராது. கார்த்திகேயன் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பான். வீட்டில் அவன் "குட்டி". ரிஜிஸ்டரில் இருக்கும் பேர் தன் பேர்தான் என்பதே அவனுக்குத் தெரியாது!

பந்து விளையாட்டு

இதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒரு பந்தை உருட்ட வேண்டும். பந்து யாரிடம் போகிறதோ அவர் தன் பேரைச் சொல்லணும். கூடவே பிடித்த சாப்பாட்டின் பேரையும் சொல்லலாம். முதலில் பந்தை உருட்டுவது டீச்சர்தான். அவரும் தன் பேரைச் சொல்லி, "எனக்குப் பிடிச்சது பூரி" என்றால் வகுப்பே சிரித்து விடும். பாதி பயம் அங்கேயே போச்சு!

வாய் திறக்காத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. பந்தை வாங்கி உருட்டினாலே போதும். 2-வது சுற்றில் தானாகப் பேசும். வேறு மாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைக்கும் இந்தப் பந்து விளையாட்டு புரியும்.

ரெயில் வண்டி

அடுத்தது "ரெயில் வண்டி". ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக் கொள்ள, டீச்சர்தான் இஞ்சின். குடிதண்ணீர்க் குழாய் ஒரு ஸ்டேஷன். சத்துணவுக் கூடம் ஒரு ஸ்டேஷன். ஹெட்மாஸ்டர் அறை ஒரு ஸ்டேஷன். கேட் கடைசி ஸ்டேஷன். அதைத் தாண்டி வண்டி போகாது!

முக்கியமான ஸ்டேஷன் கழிப்பறை. ஆண் பிள்ளைக்கு எது, பெண் பிள்ளைக்கு எது, கதவை எப்படித் திறப்பது, குழாயை எப்படி மூடுவது என்று நேரிலேயே காட்ட வேண்டும்.

கேட்கப் பயந்து அடக்கிக் கொண்டே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். கடைசியில் டிராயர் நனைந்து விடும். பக்கத்துப் பையன் கைகொட்டிச் சிரிப்பான். மறுநாள் அந்தப் பிள்ளை "வயித்து வலி, ஸ்கூலுக்குப் போவல" என்று படுத்துக் கொள்ளும்!

சில இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் "மே ஐ கோ டு டாய்லெட், மிஸ்?" என்று சொன்னால்தான் வெளியே விடுவார்கள். 5 வயதுப் பிள்ளைக்கு அவசரத்தில் அந்த வாக்கியம் எப்படி வரும்? முதல் நாளில் சுண்டு விரலைக் காட்டினாலே போதும் என்று விட்டு விடணும். இங்கிலீஷ் எங்கே ஓடிப் போகப் போகிறது?

சுவர் முழுக்க போர்டு!

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. 2007-ல் இருந்து தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து டீச்சர் முகத்தையே பார்ப்பதற்குப் பதிலாக, பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்தார்கள். அட்டைகளை எடுத்து விளையாடியே படித்தார்கள். சுவரின் அடியில், பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைத்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டம்!

முதல் நாளுக்கு இதைவிட நல்ல சாமான் இல்லை. கலர் சாக்பீஸைக் கொடுத்து "உன் வீட்டை வரை" என்றால் போதும். கோணல்மாணலாக ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு நாய், மேலே ஒரு சூரியன். எதுவானாலும் சரி. "இது யாரு? இது என்ன கடை?" என்று டீச்சர் பேச்சுக் கொடுக்கலாம். பேச்சோடு பேச்சாக வீட்டு அடையாளமும் வந்து விடும்.

போர்டு இல்லாத பள்ளியா? ஒரு படி புளியங்கொட்டை போதும். குவிப்பது, பிரிப்பது, பூ போல அடுக்குவது என்று ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் ஓடி விடும். மத்தியானம் தூக்கம் சொக்கும் நேரத்துக்குக் காக்கா வடை தூக்கிய கதை இருக்கவே இருக்கிறது!

அன்று காது, இன்று சட்டம்

ஒரு காலத்தில் பள்ளியில் சேர்ப்பதே தனி சோதனை. பிறந்த தேதிக்கு ரிக்கார்டு இல்லாத வீடுகள் நிறைய. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டு போய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் 5 வயசு, தொடவில்லை என்றால் "அடுத்த வருஷம் வா!" அதற்கும் முந்திய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலைத் தேய்த்து எழுத்து, தப்பினால் பிரம்பு!

2010 ஏப்ரல் 1-ந்தேதி கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. பிள்ளையைச் சேர்க்கத் தேர்வு வைக்கக் கூடாது. அடிக்கக் கூடாது. மனம் நோகும்படி கொடுமைப்படுத்தவும் கூடாது. இதெல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது.

முதல் நாளே இல்லாத பிள்ளைகள்

முதல் நாளின் அருமை கொரோனா காலத்தில்தான் தெரிந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டினார்கள். அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் பேர் கொடுத்த பிள்ளைகள், 2021 நவம்பர் 1-ந்தேதி கதவு திறந்தபோது நேராக 2-ம் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள்! ஒண்ணாம் வகுப்பையே பார்க்காமல் 2-ம் வகுப்பு! விட்டுப் போன படிப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. அதிலும் பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் பாடம்.

போலீஸ் மாமா பூச்சாண்டியா?

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்லாமல் நழுவாதீர்கள். "அம்மா என்னை ஏமாத்திட்டுப் போயிட்டா" என்ற நினைப்பு வந்தால் மறுநாள் அழுகை இரண்டு மடங்கு ஆகும். "சாயங்காலம் வரேன்" என்றால் அதற்குப் புரியாது. "சோறு சாப்பிடுவே, கதை கேப்பே, லாங் பெல் அடிக்கும், நான் கேட்டுல நிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி நில்லுங்கள். 10 நிமிஷம் லேட் என்றாலும் அதற்கு அது ஒரு யுகம்!

இன்னொன்று. "அடம் புடிச்சா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்! போலீஸ்ல புடிச்சுக் குடுத்துடுவேன்!" வீட்டுக்கு வீடு கேட்கிற மிரட்டல் இது. நாளைக்கே பிள்ளை கூட்டத்தில் தொலைந்து போனால் ஓட வேண்டியது யாரிடம்? அந்தப் போலீஸ்காரரிடம்தான்! ஆபத்து என்றால் சொல்ல வேண்டியது யாரிடம்? அந்த டீச்சரிடம்தான்! காப்பாற்றப் போகிற இரண்டு பேரையும் நாமே பூச்சாண்டி ஆக்கினால், பிள்ளை காக்கிச் சட்டையைக் கண்டதும் எதிர்த் திசையில் அல்லவா ஓடும்?

லாங் பெல் நேரம்

காலையில் இருக்கும் கவனம் சாயங்காலம் இருப்பதில்லை. மணி அடித்ததும் மொத்தக் கூட்டமும் கேட்டை நோக்கிப் பாயும். வெளியே ஆட்டோ, பைக், வேன், ஐஸ் வண்டி. புதுப் பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாக ரோட்டுக்கு வந்து விடும்.

அதனால் ஒண்ணாம் வகுப்பைக் கடைசியில் விட வேண்டும். அழைத்துப் போக வருவது அம்மாவா, தாத்தாவா, ஆட்டோக்காரரா என்று காலையிலேயே ஒரு நோட்டில் பேரும் போன் நம்பரும் எழுதி வாங்க வேண்டும். நோட்டில் இல்லாத ஆள் "நான் சித்தப்பா" என்று சொன்னாலும் வீட்டுக்கு ஒரு போன் போடாமல் அனுப்பக் கூடாது. நிஜ சித்தப்பா கோபித்துக் கொண்டால் கோபித்துக் கொள்ளட்டும்!

ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவ 1098 என்ற நம்பர் இருக்கிறது. காசு கிடையாது; ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம். கேட்டில் பெரிதாக எழுதி வைத்தால் கடைக்காரர் கண்ணிலும் படும்.

அன்று ராத்திரி "என்ன பாடம் நடத்தினாங்க?" என்று கேட்காதீர்கள். "உன் பேரு என்ன? பாத்ரூம் எங்கே இருக்கு? நாளைக்கு யாரோட வருவே?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் டக் டக்கென்று பதில் வந்தால், முதல் நாள் பரீட்சையில் பிள்ளை பாஸ். டீச்சரும் பாஸ்!