எஞ்சின் ஒன்று, பொதிகள் ஆறாயிரம்

இணைந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் கண்டியில் தன் வகுப்புக்கு 'டியூட்' அடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், தமிழில் கணிதம் அச்சிடுவது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்று விளங்கும். வசனமெல்லாம் பாமினி எழுத்துருவில். சமன்பாடுகள் வேறொரு சிறு மென்பொருளில் அடித்து ஒட்டப்பட்டவை. நடுவில் ஒரு சமன்பாடு கூடினால் அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களையெல்லாம் கையால் மாற்ற வேண்டும். கோப்பைப் போட்டோ கொப்பிக் கடைக்குக் கொண்டுபோய்த் திறக்கும்போது அங்குள்ள கணினியில் பாமினி இல்லையென்றால் போச்சு. 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என ஐந்து ஆங்கிலக் குறிகளாகப் பல்லிளிக்கும். பாமினி கோப்பில் உண்மையில் இருப்பது அந்த ஐந்து குறிகள்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

கொழும்பு வீதியில் சில கிலோமீற்றர் போனால் பேராதனைப் பல்கலைக்கழகம். அங்கே கணிதமும் பௌதிகவியலும் பொறியியலும் படிக்கிறவர்களுக்கு லேடெக் புதிய பெயராக இருக்காது. லேடெக்கில் பக்கத்தை நாம் அழகுபடுத்துவதில்லை. இது அத்தியாயம், இது சமன்பாடு, இது உசாத்துணை என்று சாதாரண எழுத்தில் கட்டளையிட்டுவிட்டால் இலக்கமிடுவது, வரி பிரிப்பது, பொருளடக்கம் போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. இருநூறு பக்க ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கி ஐந்தாவதாக வைத்தாலும் இலக்கம் தானாகத் திருந்திக்கொள்ளும்.

ஆனால் அந்த ஆய்வேட்டின் நன்றியுரையை மட்டும் தமிழில் எழுத ஆசைப்பட்டு அம்மா, அப்பா என்று அடித்துப் பாருங்கள். 'இந்த யூனிகோட் எழுத்தை லேடெக் அறியாது' என்ற பொருளில் பிழைச்செய்தி ஒன்று வந்து நிற்கும். ஏன் அறியாது என்று தேடப் போனால் 1977 வரைக்கும் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கனூத், கணினி நிரலாக்கம் பற்றிய தன் பெருநூலின் இரண்டாம் பாகத்துக்கு வந்த மறுபதிப்புப் புரூஃபைப் பார்த்து மனம் நொந்துபோனார். புதிய முறையில் கோத்த பக்கங்கள் பழைய ஈய அச்சின் அழகுக்குக் கிட்டவும் வரவில்லை. பதிப்பகத்தாரோடு மல்லுக்கட்டாமல், அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தானே எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். குறுகிய காலத்தில் முடியும் என்று தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்து ஆண்டுகளைத் தின்றது. தன் நூல்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டொலர் காசோலை அனுப்புவது 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. 1990இல் டெக்குக்கு இனிப் புதிய வசதி எதுவும் சேராது, பிழை திருத்தம் மட்டுமே நடக்கும் என்று அறிவித்துவிட்டார். பதிப்பு எண்ணும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரிலக்கம் கூடிப் 'பை'யின் பெறுமானத்தை நெருங்குகிறது, 2021இல் 3.141592653. தன் மறைவுக்குப் பின் அது பையாகவே நிற்க வேண்டும், மிச்சமிருக்கும் பிழைகள் அன்றிலிருந்து பிழைகளல்ல என்பதும் அவர் விருப்பம்.

இப்படிப் பூட்டுப் போட்ட மென்பொருள் இன்னும் உயிரோடிருக்கக் காரணம் அதன்மேல் ஏற்றிய பொதிகள். கண்டி நகரத்து ஓட்டோக்களைப் பாருங்கள்: எஞ்சின் ஒன்றுதான், ஆனால் இருக்கையும் விளக்கும் பாட்டுப்பெட்டியும் ஆளுக்கொரு விதம். டெக் எஞ்சின் என்றால், 1980களில் லெஸ்லி லாம்போர்ட் அதற்கு மேல் கட்டிய லேடெக்தான் வண்டி. 1994இல் ஃபிராங்க் மிட்டல்பாக் குழு அதைப் புதுப்பித்தபோது 'யூஸ்பேக்கேஜ்' என்ற கட்டளை வந்தது. கோப்பின் தலைப்பகுதியில் அதை ஒரு வரி எழுதினால் எங்கோ ஒருவர் எழுதிவைத்த வசதி நம் ஆவணத்துக்குள் வந்துவிடும். அந்த வசதிதான் பொதி. இப்படிப்பட்ட பொதிகளைச் சேர்த்துவைக்கும் சீட்டான் என்ற இணையக் களஞ்சியம் 1992இல் தொடங்கியது. இன்று அதில் ஆறாயிரத்துக்கு மேல் பொதிகள் இருக்கின்றன: இரசாயனச் சமன்பாட்டுக்கு ஒன்று, இசைக்குறிப்புக்கு ஒன்று, சதுரங்கப் பலகைக்கு ஒன்று.

பெரும்பாலானவை கம்பனிகள் செய்தவை அல்ல, தன் வேலை தடைப்பட்ட ஆட்கள் செய்தவை. திரையில் காட்டும் பக்கங்களைச் செய்ய உலகெங்கும் பயன்படும் 'பீமர்' 2003இல் டில் டண்டாவ் என்ற ஜெர்மானியர் தன் கலாநிதிப் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக எழுதியது.

இதில் தலைவலியும் உண்டு. எல்லாப் பொதிகளும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று வரையறுத்த கட்டளையை மற்றது மாற்றி எழுதலாம், கேட்க ஆளில்லை. இணைப்புகளைச் சொடுக்கத்தக்கதாக ஆக்கும் 'ஹைப்பர்ரெஃப்' அத்தியாயம், அடிக்குறிப்பு, உசாத்துணை என்று பல கட்டளைகளைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். ஆகவே அதைக் கடைசியில் ஏற்று என்பது மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

இனித் தமிழுக்கு வருவோம். பொதி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் எஞ்சின் திறந்துவைத்த கதவு வழியாகத்தான் போக முடியும். பழைய டெக்கில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள் மட்டுமே. கொம்பை இடப்பக்கம் தள்ளிவைக்க அதற்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே தமிழுக்கென எழுத்துருவே வரைந்து ஒரு தொகுதியை வெளியிட்டார். 1994இல் யானிஸ் ஹரலம்பூஸ் இந்திய எழுத்துகளுக்கான 'இண்டிகா' என்ற முன்செயலியையும் சிங்களத்துக்கு முழு அச்சுக்கோப்பு முறையையும் செய்தார். நம் நாட்டு எழுத்தொன்று டெக்குக்குள் நுழைந்தது இப்படித்தான். மூலத்தை முதலில் இன்னொரு நிரலுக்கு ஊட்டி, அது துப்புவதை டெக்குக்குக் கொடுக்க வேண்டும். வேலை நடந்தது. ஆனால் அதைச் சுற்றுவழி என்றுதான் சொல்வேன்.

நேர்வழிக்கு எஞ்சினையே மாற்ற வேண்டியிருந்தது. 2004இல் ஜொனதன் கியூ வெளியிட்ட 'ஸீடெக்' யூனிகோடை நேரே வாசித்தது. கணினியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துருவை அப்படியே எடுத்துக்கொண்டது. கதவு திறந்ததும் பொதிகள் பின்னால் வந்தன. எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வில் ராபர்ட்சனின் 'ஃபொண்ட்ஸ்பெக்', மொழிகளை மாற்றிக்கொள்ள ஃபிரான்சுவா ஷாரெத்தின் 'பாலிகுளோசியா'. நன்றியுரையில் முட்டிய மாணவர் செய்ய வேண்டியதும் இவ்வளவே: ஓவர்லீஃப் என்ற இணையத்தளத்தில் எழுதுகிறார் என்றால் அமைப்புகளுக்குள் போய்த் தொகுப்பியை ஸீலேடெக் என்று மாற்றி, இந்த இரண்டு பொதிகளையும் ஏற்றி, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைச் சொல்வது. எழுத்துமுறை தமிழ் என்று குறிப்பிட மறக்கக் கூடாது. மறந்தால் 'கொ'வின் கொம்பு தன் இடத்தில் வந்து உட்காராது.

சிங்களமும் அதே பக்கத்தில் வேண்டுமென்றால் இன்னோர் எழுத்துரு வரி. அதில் 'ஸ்ரீ' எழுதக் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியொன்று நடுவில் தேவை. பழைய நிரலிலிருந்து வெட்டி ஒட்டும்போது முதலில் தொலைவது அதுதான்.

எழுத்துச் சரியாக விழுந்தால் மட்டும் பக்கம் அழகாகிவிடாது. டெக்கின் பெருமை அது பந்தி முழுவதையும் ஒருசேரப் பார்த்து வரி பிரிப்பது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இடையில் பிரிக்கத் தெரியாவிட்டால் வரிக்குள் ஓட்டை ஓட்டையாக இடைவெளி விழும், இரண்டு பத்தி ஆய்விதழில் இன்னும் மோசம். சந்தோஷ் தோட்டிங்கல் என்ற கேரளத்து நிரலர் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்குச் சொற்பிரிப்பு விதிகளை எழுதி 2010 அளவில் டெக்குக்குக் கொடுத்தார். பல்கலைக்கழகம் என்ற சொல்லை அந்த விதி 'பல்', 'க', 'லைக்', 'க', 'ழ', 'கம்' என்று பிரிக்க இடம் தரும். புள்ளி வைத்த எழுத்து ஒருபோதும் வரியின் தொடக்கத்தில் வந்து நிற்காது. சின்ன விதிதான். ஆனால் அச்சகத்தில் கையால் எழுத்துக் கோத்த எந்தத் தமிழரும் இதைத்தான் செய்திருப்பார். பிரித்த இடத்தில் ஆங்கிலம்போலக் கோடு விழுவது பிடிக்காவிட்டால் அதை மறைக்கவும் ஃபொண்ட்ஸ்பெக்கில் வழி இருக்கிறது.

இன்னும் வேலை கிடக்கிறது. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் எண் வரிசையை மட்டும் நம்பினால் 'ன' போய்ப் 'ப'வுக்கு முன்னால் நிற்கும், 'ற' போய் 'ர'வை ஒட்டிக்கொள்ளும். அரிச்சுவடி படித்த பிள்ளை சிரிக்கும். உசாத்துணைப் பட்டியலுக்கு 'பிபர்' என்ற கருவி மொழிக்கேற்ற வரிசையைக் கையாளும். சொல்லடைவுக்குப் பழகிய பழைய கருவி அதைச் செய்யாது.

அதைவிட எளிய தேவை, நம் டியூட் ஆசிரியருடையது. உபவினாக்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதில் (அ), (ஆ), (இ) என்று இலக்கம் விழ வேண்டும். லேடெக்கின் எண்ணி (கவுண்டர்) 1 என்றால் அ, 2 என்றால் ஆ என்று பன்னிரண்டு உயிரையும் வரிசையாக எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. பத்துப் பதினைந்து வரிகூட வராது. அந்த வரிகளைத் தனிக் கோப்பாகச் சேமித்தால் அதுவே ஒரு பொதி. பயன்படுத்துவது எப்படி என்ற குறிப்பும் உரிமமும் சேர்த்துச் சீட்டானுக்கு அனுப்பலாம், கட்டணம் கிடையாது.

பதின்மூன்றாவது உபவினா வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. ஆங்கில வரிசையில் 26ஐத் தாண்டினால் எண்ணி பெரிதாகிவிட்டது என்று சொல்லி லேடெக் பிழை காட்டும். தமிழில் ஔவோடு நிறுத்தலாம், ஆய்தத்தைச் சேர்க்கலாம், அல்லது க, ங, ச என்று மெய்வரிசைக்குத் தாவலாம். என் வாக்கு க, ங, சவுக்கு. விடைத்தாளில் (ஃ) என்று ஒரு பிள்ளை எழுதினால், திருத்துகிறவர் அதை மைத்துளி என்று நினைத்து அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்.