உள்ளத்துக்கு வைத்தியம் பார்க்க எத்தனை வருசம்?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பழைய மாணவி ஒருத்தி வாப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உளவியல் படித்து, நோயாளர்களைப் பார்க்கும் உளவியலாளராக வர வேண்டும் என்பது அவளது ஆசை. வாப்பாவின் கையில் ஒரு துண்டுப் பிரசுரம். ஆறு மாதத்தில் உளவளத்துணை டிப்ளோமா என்று அதில் போட்டிருந்தது. "சேர், இவள் சொல்ற படிப்புக்கு ஏழெட்டு வருசம் போகுமாம். கதைச்சி ஆறுதல் சொல்றதுக்கு என்னத்துக்கு இவ்வளவு படிப்பு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தமிழ் படித்தவனாகிய எனக்கு அன்று ஒழுங்கான பதில் வரவில்லை. பிறகு தேடி வாசித்ததை அவருக்கும் அவரைப் போன்ற பெற்றாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உளமருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று, மனநோய்களில் விசேட பயிற்சி பெற்ற டொக்டர். மருந்து எழுதுவார். சிகிச்சை உளவியலாளர் உளவியல் வழியாக வந்தவர். நேர்காணலாலும் சோதனைகளாலும் பிரச்சினையை மதிப்பிட்டு, பேச்சும் பயிற்சியுமாக அமைந்த சிகிச்சையைக் கொடுப்பவர். பொதுவாக மருந்து எழுதுவதில்லை. நாம் இங்கே பேசுவது இந்த இரண்டாமவரைப் பற்றி.

இத்துறையின் பிறப்பில் ஓர் ஆசிரியைக்கும் பங்குண்டு. 1896இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற உளவியலாளரிடம் ஓர் ஆசிரியை ஒரு பையனின் பிரச்சினையைக் கொண்டுவந்தார். புத்தி இருக்கிறது, ஆனால் எழுத்துக்கூட்டல் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது. படித்த உளவியலால் இவனுக்கு என்ன செய்யலாம் என்பதே கேள்வி. விட்மர் அவனைச் சோதித்தார். கண்ணில் குறை இருப்பது தெரிந்தது. கண்ணாடியும் கொடுத்து, தனிப் பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த வருடமே அங்கு தொடங்கிய உளவியல் கிளினிக்தான் உலகின் முதலாவது கிளினிக் என்று எழுதப்படுகிறது.

இதை வாசித்தபோது எனக்கு என் வகுப்பில் இருந்த ஒருவன் நினைவுக்கு வந்தான். வாயால் அழகாகக் கதை சொல்வான், எழுதினால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். சோம்பேறி என்று பெயர் வைத்து, ஒவ்வொரு சொல்லையும் நூறு தரம் எழுத வைத்தேன். சாதாரண தரத்தில் தமிழ் சித்தியடையாமலே போய்விட்டான். அவனுக்கு என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அன்று எனக்கு வரவில்லை.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து, மனம் காயப்பட்ட படையினர் பெருந்தொகையாக அமெரிக்காவுக்குத் திரும்பினார்கள். அவர்களைப் பார்க்கப் போதிய ஆட்கள் இல்லை. அவசரத்துக்கு யாரையாவது பழக்கிவிட்டால் போதுமா, பழக்குவதென்றால் எப்படி என்ற கேள்வி எழுந்தது. 1949இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இதற்காக இரண்டு வாரம் மாநாடு கூடியது. சிகிச்சை உளவியலாளர் ஆராய்ச்சியாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருங்கே பயிற்றப்பட்டு, கலாநிதிப் பட்டம் பெற வேண்டும் என்று அங்கு முடிவாயிற்று. போல்டர் மாதிரி என்று இன்றும் சொல்வது இதைத்தான். 1973இல் அதே மாநிலத்தின் வெய்ல் நகரில் கூடிய மாநாடு, சிகிச்சைப் பணிக்கே முதலிடம் கொடுக்கும் இன்னொரு கலாநிதி வழியையும் ஏற்றுக்கொண்டது. அந்த வழியில் போகிறவரும் ஆய்வுகளை வாசித்து எடைபோடப் பழக வேண்டும்.

இன்று அமெரிக்காவில் இளமாணிக்குப் பிறகு ஐந்து முதல் ஏழு வருடம் வரை போகும். பாடங்கள், கிளினிக் பயிற்சி, ஆய்வேடு, கடைசியில் ஒரு வருட முழுநேர உள்ளகப் பயிற்சி. பிரித்தானியாவில் உளவியல் பட்டமும் வேலை அனுபவமும் உள்ளவர்களைத் தெரிந்தெடுத்து மூன்று வருடம் பயிற்றுகிறார்கள். பெரும்பாலும் தேசிய சுகாதார சேவை சம்பளமும் கொடுக்கிறது. காலத்தில் ஏறக்குறைய பாதி சிறுவர், வளர்ந்தோர், முதியோர், கற்றல் இடர்பாடு உள்ளோர் என்று வெவ்வேறு பிரிவுகளில் நோயாளர்களோடு கழியும். பக்கத்திலேயே ஆய்வேடும் வளர வேண்டும்.

மேற்பார்வை என்றால் என்ன? எங்கள் ஆசிரியர் பயிற்சியில் விரிவுரையாளர் வந்து பின் வரிசையில் உட்காருவாரே, பாடக்குறிப்பைப் புரட்டிக்கொண்டு, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது சில நாள், இது பல வருடம். பயிலுநர் ஒவ்வொரு கிழமையும் மேற்பார்வையாளரோடு இருந்து, தான் பார்த்தவர்களைப் பற்றிப் பேச வேண்டும். நோயாளரின் சம்மதத்தோடு பதிவு செய்த உரையாடலைப் போட்டு, நடுவில் நிறுத்தி, "இந்த இடத்தில் ஏன் அவசரமாக ஆறுதல் சொன்னீர்கள்? அவர் அழுதது உங்களுக்குத் தாங்கவில்லையா?" என்று கேட்பார். அடுத்தவரின் துயரத்துக்கு முன் தன் மனம் என்ன செய்கிறது என்பதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. இன்னொருவர் கூடவே இருந்து காட்டித் தர வேண்டும்.

சரி, ஆராய்ச்சி எதற்கு? வாப்பாவின் கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது. பெரிய விபத்தைக் கண்டவரை உடனே உட்கார வைத்து, நடந்ததை முழுக்கச் சொல்ல வைத்தால் மனம் இலேசாகும் என்று 1980களில் ஒரு முறை பரவியது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் தீக்காயம் பட்டவர்களிடம் இதைப் பரீட்சித்து 1997இல் வெளியிட்டார்கள். பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேச வைக்கப்பட்டவர்களில் 26 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய் இருந்தது. பேச வைக்கப்படாதவர்களில் 9 வீதம்தான். பேச வைக்கப்பட்டவர்களின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தன என்பதையும் ஆய்வாளர்களே எடுத்துச் சொன்னார்கள். ஆகவே அந்த முறைதான் கெடுத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் உதவியதாகவும் காட்ட முடியவில்லை. வேறு ஆய்வுகளும் சேர்ந்து வந்த பிறகு, உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கைவிடச் சொல்லி, உளவியல் முதலுதவியைப் பரிந்துரைத்தது. பாதுகாப்பு, உணவு, உறவினரைச் சேர்த்து வைத்தல், பேச விரும்பினால் கேட்டல் ஆகியவைதான் அது. யாரையும் வற்புறுத்திப் பேச வைப்பதில்லை.

2004 சுனாமிக்குப் பின் எங்கள் கரையோரத்திலும் உளவள அணிகள் பல வந்திறங்கியதை நாம் மறக்கவில்லை. எல்லாரும் நல்ல மனதோடுதான் வந்திருப்பார்கள். நல்ல மனது மட்டும் போதாது என்பதைத்தான் கார்டிஃப் சொல்கிறது. தான் செய்வது உதவுகிறதா, கெடுக்கிறதா என்று சந்தேகப்படவும், அளந்து பார்க்கவும், பிழையென்றால் கைவிடவும் ஒருவரைப் பழக்குவதற்கே ஆய்வேடு எழுத வைக்கிறார்கள்.

குறுங்காலப் படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. பொறுமையாகக் கேட்கவும், ஆபத்தைக் கண்டு உரிய இடத்துக்கு அனுப்பவும் தெரிந்த உளவளத்துணையாளர் ஊருக்கு ஊர் தேவை. அவர் தன் எல்லையைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே யாரிடமாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது மூன்று விசயங்களைக் கேளுங்கள். எங்கே பயிற்சி பெற்றீர்கள்? உங்களை மேற்பார்வை செய்பவர் யார்? உங்களால் முடியாததை யாரிடம் அனுப்புவீர்கள்? நன்றாகப் பயின்றவர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

அந்த வாப்பாவுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தவர்களிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டாராம். பதில் வரவில்லை. மகள் இப்போது உளவியல் இளமாணிக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.