கபடித் தடுப்பு வியூகம்

கபடித் தடுப்பு வியூகம் என்பது, கபடி ஆட்டத்தில் பாடி வருபவரைப் பிடிப்பதற்காக எதிரணியினர் தம் பகுதியில் நிற்கும் அமைப்பையும், அவர்கள் கையாளும் பிடிமுறைகளையும் குறிக்கும். சடுகுடு எனவும் வழங்கும் கபடி, தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு ஆகும். எல்லா அணிகளுக்கும் பொருந்தும் ஒரே வியூகம் என எதுவும் இல்லை. ஆட்டக்காரர்களின் உடலமைப்பு, வேகம், அனுபவம் ஆகியவற்றுக்கு ஏற்ப அது அமைக்கப்படுகிறது.

பிடியின் விலை

ஆடவருக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பாடுபவர் 30 நொடிகளுக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அவரைப் பிடித்தால் பொதுவாக ஒரு புள்ளி கிடைக்கும். பிடி நழுவி அவர் கோட்டைத் தொட்டுவிட்டால், அவரைத் தொட்ட அனைவரும் ஆட்டமிழப்பர். எனவே ஒருவர் அவசரப்பட்டுப் பாய்வது, அவருக்குத் துணையாக வந்த மூவரையும் களத்தைவிட்டு வெளியேற்றக்கூடும்.

நிலைகள்

தடுக்கும் அணியின் எழுவர் பொதுவாகப் பின்வருமாறு நிற்பர்:

* கார்னர்: இடம், வலம் என இருவர். பக்க ஓரங்களில் நிற்பர்.
* இன்: கார்னர்களுக்கு அடுத்து நிற்கும் இருவர்.
* கவர்: இன் நிலைக்கும் நடுவருக்கும் இடையில் நிற்கும் இருவர்.
* சென்டர்: நடுவில் நிற்பவர்.

பக்கத்தில் நிற்பவருடன் கைகோத்து இணையாக நகர்வது சங்கிலி எனப்படும்.

திறமைக்கேற்ற நிலை

தாழக் குனிந்து விரைவாகக் கைநீட்ட வல்லவர்களுக்குக் கார்னர் நிலை பொருந்தும். ஊக்கப் புள்ளிக்காகப் பாடுபவர் ஆழமாக நுழையும்போது ஒரு காலைத் தரையிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். கணுக்கால் பிடிக்கு ஏற்ற நேரம் அதுவே. இங்கு உடல் எடையைவிடக் காலக்கணிப்பே முதன்மையானது.

உறுதியான தோளும் அகன்ற மார்பும் உடையவர்கள் கவர் நிலையில் சிறப்பர். திரும்பிச் செல்லும் வழியைக் குறுக்கே மறித்தல், எல்லைக்கு வெளியே இடித்துத் தள்ளுதல் ஆகியவை இவர்களின் பணிகள். எடை குறைந்தவர் தனியாக மறிக்க முயன்றால், பாடுபவர் அவரை இழுத்துக்கொண்டே கோட்டை அடைந்துவிடுவார். எடை குறைந்தவர்களைக் கொண்ட அணிக்குச் சங்கிலி ஏற்றது. ஒருவர் காலைப் பற்ற, இணையாளர் உடனே இடுப்பை வளைத்துக்கொள்வார். எனினும் இருவரின் வேகமும் ஒத்திராவிட்டால் சங்கிலியே சுமையாகிவிடும்.

கார்னரில் தடுமாறும் ஓர் இளம் ஆட்டக்காரர் கவர் நிலையில் சிறப்பாக ஆடக்கூடும். நிலை மாற்றிப் பார்க்காமல் அவரைத் திறமையற்றவர் என ஒதுக்குவது பயிற்சியில் நேரும் பெரும் பிழையாகும்.

ஆட்கள் குறையும்போது

களத்தில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் பாடுபவருக்கு ஊக்கப் புள்ளி கிடையாது. அப்போது அவர் ஆழமாக நுழையத் தேவையில்லை. கார்னர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. மூவரோ அதற்குக் குறைவானவர்களோ பிடித்தால் புரோ கபடிப் போட்டிகளில் இரண்டு புள்ளிகள் வழங்கப்படும். இது சூப்பர் டேக்கிள் எனப்படும். எனவே கடைசிவரை களத்தில் நிற்கக்கூடிய பொறுமைசாலிகளை அணிகள் பெரிதும் மதிக்கின்றன.

எடுத்துக்காட்டுகள்

தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன், 2016 ஆம் ஆண்டில் புரோ கபடியின் நான்காம் பருவத்தை வென்ற பாட்னா பைரேட்சு அணியின் தலைவராக இருந்தார். அப்போது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். அதே ஆண்டு உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். ஓட்ட வேகம் குறையும் வயதிலும், காலக்கணிப்பை நம்பும் தடுப்பாட்டத்தில் நிலைத்து நிற்க முடியும் என்பதற்கு இவர் சான்றாவார். ஈரானைச் சேர்ந்த பசல் அத்ராச்சலி இடது கார்னரில் கணுக்கால் பிடிக்குப் பெயர் பெற்றவர். தமிழ் தலைவாஸ் அணிக்குத் தலைமை தாங்கிய சுர்சீத் சிங் கவர் நிலையில் ஆடுபவர்.

பிற விளையாட்டுகளில்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கொண்டுசெல்பவருக்கு வழியமைக்கும் முன்வரிசையினருக்கும் இதே சிக்கல் உண்டு. கனத்த உடலினர் எதிராளியை நேராக முட்டி நகர்த்தும் முறைக்கு ஏற்றவர்கள். எடை குறைந்து விரைவாக நகர்பவர்கள், வரிசையாகப் பக்கவாட்டில் நகர்ந்து தத்தம் பகுதியைக் காக்கும் முறைக்குப் பொருந்துவர். டென்வர் பிராங்கோசு அணி ஒப்பீட்டளவில் எடை குறைந்த முன்வரிசையைக் கொண்டு இப்பகுதிமுறையைக் கையாண்டு, 1998, 1999 ஆம் ஆண்டுகளில் நடந்த சூப்பர் பவுல் இறுதிப்போட்டிகளில் வென்றது.