உங்களுக்குத் தெரியுமா? காலாற நடந்தால் மனசுக்கு என்ன ஆகும்?

● சிக்மண்ட் ஃப்ராய்ட் என்றதும் நோயாளியைப் படுக்கவைத்துப் பேசவிடும் அந்தச் சோபாதான் ஞாபகம் வரும். ஆனால் 1910 ஆகஸ்டில், மணவாழ்க்கைச் சிக்கலோடு தன்னைத் தேடி வந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலருக்கு அவர் ஆலோசனை சொன்னது தெருவில்! நெதர்லாந்தின் லைடன் நகரில் சுமார் நான்கு மணி நேரம் நடந்துகொண்டே பேசினார்கள். மறு ஆண்டே மாலர் காலமாகிவிட, கட்டணத்தை அவருடைய சொத்துப் பொறுப்பாளர்களிடம் கேட்டு வாங்கினார் ஃப்ராய்ட். நடந்தாலும் ஃபீஸ் ஃபீஸ்தானே!

● இன்றும் சில மனநல ஆலோசகர்கள் பூங்காவில் நடந்தபடி சிகிச்சை தருகிறார்கள். பக்கத்தில் நடப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால், கூச்சக்காரர்களுக்கும் வாய் திறக்கிறது. எதிரே தெரிந்தவர் வந்துவிட்டால் என்ன சொல்வது? அதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள்.

● நடந்ததையே நினைத்து நினைத்து மருகுகிறவரா நீங்கள்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்கானது. 38 பேரில் ஒரு பிரிவினர் புல்வெளியும் ஓக் மரங்களும் உள்ள இடத்தில் 90 நிமிடம் நடந்தார்கள். மற்றவர்கள் வாகனங்கள் பறக்கும் பெரிய சாலையோரம் அதே அளவு நடந்தார்கள். முதல் பிரிவினருக்கு மட்டுமே மருகல் குறைந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் அடங்கியிருந்ததை ஸ்கேன் காட்டியது.

● புதுப்புது யோசனை மட்டும் போதும் என்றால் மரம்கூட வேண்டாம். வெறும் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களும், உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிக யோசனைகள் சொன்னார்கள். இதுவும் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுதான், 2014.

● எனக்குப் பிடித்தது மிஷிகன் பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வு. தாவரப் பூங்காவில் நடந்து திரும்பியவர்களுக்கு நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் கூடியது. கடுங்குளிரில், வேண்டாவெறுப்பாக நடந்தவர்களுக்கும் அப்படியே! ‘மூட் இல்லை’ என்று வாக்கிங்கைத் தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க.

● எவ்வளவு நேரம் போதும்? இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்த கணக்கு 2019இல் வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்களே ‘உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறது’ என்று அதிகம் சொன்னார்கள். நன்றாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இருக்கிறது. ஆனாலும் ஒரு வசதி: ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் முடித்தாலும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான்.