கோழித் தோலுக்கு இறங்கும் கருடன்

படமும் மெய்யும் – 11

செம்பழுப்புச் சிறகை அகல விரித்து, வெள்ளைத் தலையைக் குனிந்து, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டியபடி ஒரு செம்பருந்து ஆற்று நீரைத் தொடுகிறது. தெறிக்கும் துளிகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. கீழே 'வேட்டையாடும் கருடன்' என்று தலைப்பு. புலனக் குழுக்களிலும் முகநூலிலும் இந்தப் படத்தைப் பார்க்காத மலேசியத் தமிழர் குறைவு. எடுத்தவர் பெயர்தான் மாறும், படம் மாறுவதில்லை. பெரும்பாலும் அது கோலசிலாங்கூரில், மாலை நேரத்துச் சுற்றுலாப் படகிலிருந்து எடுத்ததாக இருக்கும். கணினியில் படத்தை எதுவரை திருத்தலாம் என்பது சென்ற வாரத்துப் பேச்சு. இந்த வாரத்துப் படத்தில் திருத்தமே இருக்க வேண்டியதில்லை. ஒரு புள்ளிகூடக் கலைக்கப்படாத அசல் கோப்பை அப்படியே வெளியிட்டாலும் இந்தப் படம் பொய்தான் சொல்கிறது. பறக்கும் வேட்டைப் பறவைகளைப் படமெடுப்பதில் நேர்மை என்பது, அந்தப் பறவை லென்சுக்கு முன் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்வதில்தான் இருக்கிறது. கணினித் திருத்தம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடம் கோலசிலாங்கூர். மின்மினிப் பூச்சிகளுக்குப் பேர்போன அந்த ஆற்றில், இருட்டுவதற்கு முந்தைய பொழுதை நிரப்பக் கழுகுகளுக்குத் தீனி போடும் நிகழ்ச்சி இருக்கிறது. படகுக்காரர் எஞ்சினைத் தணித்து, வாளியிலிருந்து கோழித் தோலை அள்ளி ஆற்றில் வீசுவார். படகின் சத்தத்துக்கே பழகிவிட்ட பருந்துகள் அலையாத்தி மரங்களிலிருந்து கிளம்பி வரும். முதலில் ஒன்று, பிறகு பத்து, கொஞ்ச நேரத்தில் வானம் நிறைந்துவிடும். சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்பது படகுக்காரருக்குத் தெரியும். தோல் விழும் இடமும் தெரியும். ஆகவே பறவை எங்கே இறங்கப்போகிறது என்பதும் முன்கூட்டியே தெரியும். லென்சை அந்த இடத்தில் குறிவைத்துக் காத்திருந்தால் போதும். இப்படி எடுத்த படத்தைக் கூர்ந்து பார்ப்பவர் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஒரே சட்டகத்துக்குள் வெள்ளைத் தலை கொண்ட வளர்ந்த பறவைகளும், உடல் முழுதும் தவிட்டு நிறமான இளம் பறவைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பறவை நீரை விட்டு எழும்போது நகங்களுக்கிடையில் வெளிறிய, வழுவழுப்பான ஒரு துண்டு தொங்கும். மீனுக்கு வாலும் செதிலும் இருக்கும், இதற்கு இரண்டும் இராது. பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்பது செம்பருந்தின் வழக்கம் என்பதால், அடுத்தடுத்த படங்களில் அந்தத் துண்டு இன்னும் தெளிவாகவே தெரியும். இன்றைய மென்பொருளில் அதைத் துடைத்துவிட ஒரு சொடுக்குப் போதும். ஆனால் பலருக்கு அந்தச் சிரமம்கூடத் தேவைப்படுவதில்லை. பார்ப்பவர்கள் காலைப் பார்ப்பதில்லை, சிறகைத்தான் பார்க்கிறார்கள்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. செம்பருந்து என்ன சிங்கமா? செத்த மீன், நண்டு, சந்தைக் கழிவு என்று கிடைத்ததைப் பொறுக்கித் தின்னும் பறவைதானே? மீன்பிடித் துறையில் கழிவுக்கு இறங்குகிற பருந்துக்கும் படகடியில் கோழித் தோலுக்கு இறங்குகிற பருந்துக்கும் என்ன வேறுபாடு? பறவையைப் பொறுத்தவரை வேறுபாடு சிறிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மறுப்பு தலைப்பைக் காப்பாற்றவில்லை, கவிழ்த்துவிடுகிறது. பொறுக்கித் தின்னும் பறவை என்றால் 'வேட்டை' என்ற சொல் எங்கிருந்து வந்தது? மேலும், அந்தத் தீனிக்கு வருவது செம்பருந்து மட்டுமல்ல. சிறகு விரித்தால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் வரும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் வருகிறது. மீனையும் கடற்பாம்பையும் தானே பிடித்துத் தின்னும் திறமுள்ள பறவை அது. கோழித் தோல் பெரும்பாலும் கொழுப்பு. முழு மீனில் கிடைக்கும் எலும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதில் இல்லை. இயற்கை ஆர்வலர்கள் இந்தத் தீனி வழக்கத்தைப் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தீனி போடாமலே கழுகுகளைக் காட்டிவிட்டு வரும் படகுச் சேவைகள் லங்காவியில் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். படகுக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் எளியது. படத்தின் கீழே 'தீனி போட்டபோது எடுத்தது' என்று எழுதுவதால் எந்தப் படகுக்காரருக்கும் ஒரு ரிங்கிட்கூட நட்டமில்லை.

உலகின் பெரிய போட்டிகள் இந்தப் பாடத்தைச் சூடுபட்டுத்தான் கற்றன. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஆண்டுதோறும் நடத்தும் கானுயிர்ப் படப் போட்டியில் 2009-இன் முதல் பரிசு, இரவில் வேலிக் கதவைத் தாண்டும் ஓநாயின் படத்துக்குப் போனது. அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கலாம் என்ற முடிவுக்கு நடுவர்கள் வந்ததால், எடுத்தவர் மறுத்தும் 2010 ஜனவரியில் பரிசு பறிக்கப்பட்டது. அதே போட்டியின் 2017-ஆம் ஆண்டுப் பட்டியலில் கறையான் புற்றை நெருங்கும் எறும்புத்தின்னி ஒன்று இருந்தது. பாடம் செய்து நிறுத்திய உடல் என்று வல்லுநர்கள் கருதியதால் மறு ஆண்டு அதையும் நீக்கினார்கள். அங்கேயும் எடுத்தவர் மறுத்தார். இந்த இரண்டிலும் குற்றச்சாட்டு கணினித் திருத்தம் பற்றியது அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒளி உண்மை, நிழல் உண்மை, வானம் உண்மை. விலங்கு காட்டில் தன் போக்கில் இருந்தது என்ற ஒரே ஒரு கூற்றுதான் நிற்கவில்லை, அதோடு படமும் விழுந்தது. இன்று அந்தப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவரிடம் படக்கருவியின் அசல் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அது தேவைதான். ஆனால் அசல் கோப்பில் வாளி தெரியாது, வீசிய கை தெரியாது. அந்த இடத்தை நிரப்பக்கூடியது படத்துக்குக் கீழே வரும் ஒரு வரி மட்டும்.

இரண்டாவது மறுப்பு படக்கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. நொடியில் 2,000-இல் ஒரு பங்கு நேரத்தில் உறைந்து நிற்கும் சிறகை எந்த மனிதக் கண் பார்த்தது? பின்னணியைப் பஞ்சாக மங்கலாக்குவது லென்ஸ். பறவையின் கண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் குவியத்தைப் பிடித்துவைப்பது சில்லு. விசையை அழுத்துவதற்கு முந்தைய கணத்தையே சேமித்துத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. இவ்வளவு செயற்கைக்கு நடுவில் கோழித் தோல் மட்டும் என்ன பாவம் செய்தது என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாததைக் காட்டுவது வேறு, நடக்காததைக் காட்டுவது வேறு என்பது என் பதில். பறக்கும் பறவையைத் தொடர் படங்களாகப் பிடிக்கும் கலை அழகுக்காகப் பிறந்ததல்ல. 1882-இல் எத்தியேன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் அறிஞர் துப்பாக்கி வடிவில் ஒரு படக்கருவியைச் செய்தார். நொடிக்குப் பன்னிரண்டு படம் எடுக்கும் அந்தக் கருவியைப் பறவைகளை நோக்கி நீட்டியது, சிறகு எப்படி அடிக்கிறது என்பதை அறியத்தான். கண் தவறவிடுவதைக் கருவி பிடித்துத் தந்தது, நிகழ்வில் எதையும் கூட்டவில்லை. இன்றைய வேகமும் அதே வேலையைத்தான் செய்கிறது. நிதானமாக மிதக்கும் பருந்துக்கு 1,000-இல் ஒரு பங்கே போதும், பாய்கிற பருந்துக்கு 3,000-க்கு மேல் வேண்டும். செம்பருந்தின் வெள்ளைத் தலை நண்பகல் வெயிலில் வெளுத்துப்போகாமல் இருக்க ஒளியைச் சற்றுக் குறைப்பதும், வெளிறிய வானத்துக்கு எதிரே கறுத்துப்போகும் அடிச்சிறகைக் காட்ட ஒளியைக் கூட்டுவதும் உண்மையை மீட்கும் வேலைகள். பறவைகள் காற்றை எதிர்த்து எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்பவருக்கு முகம் கிடைக்கும். இது அறிவு, ஏமாற்று அல்ல.

இரண்டுக்கும் நடுவில் சந்தேகமான நிலம் உண்டு என்பதை மறைக்கவில்லை. கிள்ளான் வானில் பருந்து வட்டமிட்டால் அதன் பின்னால் காகம் ஒன்று துரத்திக்கொண்டு வருவது சாதாரணக் காட்சி. கம்பீரம் குறைகிறதே என்று காகத்தை வெட்டிவிட்டுப் பருந்தை மட்டும் போடுகிறார்கள். ஓரத்தை வெட்டுவது எல்லா நாளிதழ்களும் செய்வதுதான், அதைக் குற்றமென்று சொல்லமாட்டேன். ஆனால் சிறகை மடக்கிப் பக்கவாட்டில் சரியும் அந்தப் பருந்து, காகத்திடமிருந்து தப்பிக்கச் சரிகிறது. காகத்தை வெட்டிவிட்டு 'இரையை நோக்கிப் பாய்கிறது' என்று எழுதினால் வெட்டியது ஓரத்தை அல்ல, காரணத்தை. நம் மொழியிலும் எழுதிய இயற்கையாளர் மா. கிருஷ்ணன் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் காட்டுயிர்களைப் படமெடுத்தார். வண்ணம் இல்லாததால் அவர் படங்களை யாரும் பொய் என்று சொன்னதில்லை. யானை யானையாக, தன் காட்டில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்ப்பவருக்கு வேண்டிய உறுதி அதுதான்.

நம் சமூகத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது, கொஞ்சம் கூச்சத்தோடுதான் இதை எழுத வேண்டும். கும்பாபிஷேக வேளையில் கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிட்டால் பெருமாளே வந்து ஏற்றுக்கொண்டார் என்பது நம்பிக்கை. கூட்டம் அண்ணாந்து பார்த்துக் கைகூப்பும். கலசத்துக்கு மேலே கையெட்டும் தூரத்தில், கோபுரத்தின் கால்வாசி அளவுக்குப் பெரிய கருடன் நிற்கும் படங்களை விழா மலர்களிலும் புலனத்திலும் பார்க்கிறோம். வேறொரு நாள், வேறொரு வெளிச்சத்தில் எடுத்த பருந்தை ஒட்டியிருப்பது நிழலின் திசையிலேயே தெரிந்துவிடும். பக்திக்காகச் செய்தது, இதில் போய் நேர்மை பேசலாமா என்பார்கள். ஓவியமாக வரைந்திருந்தால் நானும் பேசமாட்டேன், கருடனை அப்படி வரைவது நம் மரபு. புகைப்படமாகக் கொடுக்கும்போது 'இது நடந்தது, நானே சாட்சி' என்று கொடுக்கிறோம். 1892-இல் எழுந்த ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கும் கிள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, அலையாத்திக் காடு, துறைமுகம், மீன் சந்தை எல்லாம் பக்கத்திலேயே உள்ள ஊர், அதாவது செம்பருந்தின் சொந்த ஊர். கும்பாபிஷேக முகூர்த்தம் பெரும்பாலும் காலையில் வரும். வெயில் ஏறி, கட்டடங்களும் தார்ச்சாலையும் சூடாகி, வெப்பக் காற்று மேலெழத் தொடங்கும் நேரமும் அதுதான். சிறகடிக்காமல் உயர ஏறப் பருந்துகள் காத்திருப்பது அந்தக் காற்றுக்காக. கருடன் மெய்யாகவே வரக்கூடிய ஊரில், வரக்கூடிய நேரத்தில், ஒட்டுக் கருடன் எதற்கு? ஒட்டுப்படம் ஒன்று அம்பலமானால், உண்மையில் வந்த கருடனின் படத்தையும் மறுநாள் யாரும் நம்பமாட்டார்கள். நட்டம் நம்பிக்கையாளருக்குத்தான்.

தீனியும் வேண்டாம், ஒட்டும் வேண்டாம் என்றால் சாமானியர் எங்கே போய் எடுப்பது, யானை விலை லென்சு வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. விடை போர்ட்டிக்சன் பக்கத்தில் இருக்கிறது. தஞ்சோங் துவான் முனை நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தமான சிறு காடு. அங்கே மலாக்கா நீரிணை மிகக் குறுகியது, எதிரே சுமத்ராவின் ரூப்பாட் தீவு நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. குளிர்காலத்தைத் தெற்கே கழித்த தேன் பருந்துகள் மார்ச் மாதத்தில் வடக்கே திரும்பும்போது இந்த இடத்தில்தான் கடலைத் தாண்டுகின்றன. கடலுக்கு மேல் மேலெழும் வெப்பக் காற்று மிகக் குறைவு. ஆகவே சிறகடித்தே தாண்டி, களைத்துப்போய், தாழப் பறந்து கரையேறும். முற்பகல் கடந்த பிறகு கலங்கரை விளக்கத்தடியில் நிற்பவரின் தலைக்கு மேலேயே, சில சமயம் கண்மட்டத்துக்கே வந்துவிடும். மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே வேட்டைப் பறவைத் திருவிழா நடத்தி, தன்னார்வலர்களை வைத்துப் பறவைகளை எண்ணிவருகிறது. இங்கே எடுத்த சுமாரான படத்துக்குக்கூட மதிப்பு உண்டு. ஒரே இனத்திலேயே ஆளுக்கொரு நிறமாக இருக்கும் தேன் பருந்தின் வயதையும் பாலையும், இறகுதிர்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சிறகின் அடிப்பக்கப் படத்திலிருந்து கணிக்க முடியும். நாளும் இடமும் சரியாக இருந்தால்தான் அந்தக் கணிப்புக்குப் பொருள் உண்டு. வானத்தை மாற்றி, இடத்தை மறைத்து வெளியிட்ட பளபளப்பான படம் ஆராய்ச்சியாளருக்கு வெறும் குப்பை. பறவை சிறிதாக விழுந்தால் சிறிதாகவே இருக்கட்டும். பெரிய வானத்தில் சிறிய பறவை என்பது அந்தக் கடலைத் தாண்டியவற்றின் உண்மையான அளவு.

எனவே விழா மலர் தொகுப்பவர்களுக்கும் வார இதழ்களின் பட ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது பறக்கும் பருந்தின் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தால், அதை எங்கே, எந்த நாளில் எடுத்தார், பறவை எதற்காக அங்கே வந்தது என்று கேளுங்கள். 'செம்பருந்து, கோலசிலாங்கூர், படகிலிருந்து கோழித் தோல் போட்டபோது எடுத்தது' என்று எழுதித் தந்தால் தாராளமாகப் போடுங்கள், அந்த வரியோடு சேர்த்து. கோலாலம்பூர் பறவைப் பூங்காவில் எடுத்ததென்றால் பூங்கா என்று போடுங்கள். கோபுரத்தின் மேல் ஒட்டியதென்றால் சித்திரம் என்று போடுங்கள். மூன்று கேள்விக்கும் பதில் சொல்லாமல் மழுப்பினால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

(தொடரும்)