படிப்போடு வேலைப் பயிற்சி: சேர்க்கும் முன் கேளுங்கள்!

"காலேஜுக்குத்தானே பணம் கட்டினோம், பிள்ளையை எதுக்கு கம்பெனிக்கு அனுப்புறாங்க?" என்று கேட்கும் தாய்மார்கள் நம் குழுக்களில் உண்டு. நியாயமான கேள்விதான்.

படித்துக்கொண்டே தொழில் பழகுவது புதிதல்ல. அமெரிக்காவில் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906-லேயே வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும்படி படிப்பை அமைத்தது. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் 5 ஆண்டு 'சாண்ட்விச்' பொறியியல் படிப்பும் இந்த வகைதான். மற்ற பட்டப்படிப்புகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 3 ஆண்டுப் படிப்பில் 1 முதல் 3 பருவம் (செமஸ்டர்) வரை தொழில் பழகுவதற்கு ஒதுக்கலாம்.

ஆனால் பெயருக்கு அனுப்புவது வேறு, திட்டமிட்டு அனுப்புவது வேறு. சேர்க்கும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. வேலை பாடத்தோடு சேர்ந்ததா? வணிகவியல் படிக்கும் பெண் கணக்கு எழுதப் பழகணும். பெட்டி அடுக்க மட்டும் வைத்தால் அது பயிற்சி இல்லை, மலிவான கூலி.

2. பட்டத்தில் சேருமா? பயிற்சிக் காலத்துக்கு 'கிரெடிட்' உண்டா, பாடத்திட்டத்தில் எழுதியிருக்கா என்று பாருங்கள்.

3. யார் பொறுப்பு? கல்லூரியில் ஒரு ஆசிரியர், கம்பெனியில் ஒருவர், இருவரும் கவனிக்க வேண்டும்.

4. ஒப்பந்தம் உண்டா? 'இன்டர்ன்ஷிப்' வேறு, 'அப்ரண்டிஸ்' வேறு. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி, அப்ரண்டிஸுக்கு எழுத்து ஒப்பந்தமும் மாத உதவித்தொகையும் கட்டாயம். பட்டப்படிப்பின் பகுதியாகத் தொழில் பழகுபவருக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என 2019-ல் விதி வந்தது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பும் கம்பெனிக்கு உண்டு. வெறும் இன்டர்ன்ஷிப்புக்கு இந்தச் சட்டம் துணை வராது.

5. பாதுகாப்பு எப்படி? போக்குவரத்து, தங்குமிடம், வேலை நேரம் விசாரியுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வரும் பெண்களையும் காக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அதை மகளுக்கும் சொல்லி அனுப்புங்கள்.

சகோதரிகளே, குழுவில் கடன் வாங்கிக் கட்டும் பணம் இது. ஆடு வாங்கினாலும் பல்லைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கல்லூரியிலும் கூச்சப்படாமல் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்வதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நல்ல பயிற்சி கிடைத்தால், நம் பெண் பட்டத்தோடு கைத்தொழில் அனுபவமும் சேர்த்தே வீட்டுக்குக் கொண்டு வருவாள்.