இரைச்சலுக்குள் ஒரு ஜெபம்

பெயரில் மட்டும்தான் விஸ்ராந்தி. புனேயின் விஷ்ராந்த்வாடி சவுக்கில் காலை என்றால் பஸ், ஹாரன், பக்கத்து லோகேகாவ் விமானதளத்திலிருந்து கிளம்பும் விமானங்களின் உறுமல். ஆண்டுக்கொரு முறை ஞானேஸ்வரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து இந்த வழியே போகிறது. உடன் நடக்கும் வார்கரிகளுக்கு நடையே வழிபாடு. ஆபீசுக்கு ஓடும் கிறிஸ்தவருக்கு? ஞாயிறு பூசை முடிந்தால் மற்ற ஆறு நாளும் கடவுளுக்கு விடுமுறையா?

இதற்குப் பதில் தேடியவர் சில கிலோமீட்டர் தள்ளி, டி நொபிலி கல்லூரியில் இருந்தார். 1606ல் மதுரைக்கு வந்து காவி உடுத்திய தத்துவபோதக சுவாமிகளின் பெயர் தாங்கிய ஜேசு சபை இல்லம் அது. மும்பையில் பிறந்த பாதிரியார் அந்தோணி டி மெல்லோ (1931-1987) எழுபதுகளில் அங்கே சாதனா பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். பிறகு அது லோணாவலாவுக்கு மாறியது.

1978ல் வெளியான அவரது 'சாதனா' நூல் சொல்லும் வழி எளிது. தோளில் சட்டை படுவதை உணர வேண்டும். மூச்சைக் கவனிக்க வேண்டும். சுற்றிலும் எழும் சத்தங்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எதிர்த்துப் போராடினால்தான் சத்தம் தொந்தரவு; கேட்கத் தொடங்கினால் அதுவே தியானத்தின் வாசல்.

உத்தி கீழைநாட்டுடையது. வேர் 16ம் நூற்றாண்டு ஸ்பெயினில் இருக்கிறது. எல்லாவற்றிலும் கடவுளைக் காணச் சொன்னவர் ஜேசு சபையை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. அன்றைய பொழுதைத் திரும்பிப் பார்த்து, நன்றி சொல்லி, தவறை ஒப்புக்கொள்ளும் ஆன்ம சோதனையை அவர் தினசரிக் கடமையாக்கினார். வீடு திரும்பும் பஸ்ஸிலும் அதைச் செய்யலாம்.

ஆனால் வெறும் கவனிப்பு ஜெபமாகிவிடுமா? டி மெல்லோ இறந்து 11 ஆண்டுகளுக்குப் பிறகு, 1998 ஜூனில், வாடிகன் இந்தக் கேள்வியை எழுப்பியது. அவருடைய சில கருத்துகள் கத்தோலிக்க விசுவாசத்துக்குப் பொருந்தாதவை என்றது பிற்காலத்தில் போப்பான கார்டினல் ராட்சிங்கர் கையெழுத்திட்ட அறிக்கை. கடவுள் உருவமற்ற வெட்டவெளியாகிறார், இயேசு பல குருக்களில் ஒருவராகிறார் என்பது குற்றச்சாட்டு. அதே அறிக்கை, அவரது ஆரம்பகால நூல்கள் கிறிஸ்தவ ஆன்மிக வரம்புக்குள்ளேயே இருந்தன என்றும் ஒப்புக்கொண்டது.

சர்ச்சையின் மையம் சிறியது. காது கொடுத்துக் கேட்டால் மனம் அமைதியாகும். அதற்கு மதம் வேண்டாம். அந்த அமைதியில் 'நீர்' என்று அழைக்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறபோதுதான் அது கிறிஸ்தவ ஜெபமாகிறது. அழைத்தவரின் முகத்தைப் பக்கத்து சீட்டுக்காரரிடமும் காண வேண்டும் என்பது சுவிசேஷத்தின் நிபந்தனை.

விஷ்ராந்த்வாடியில் சிகப்பு விளக்கு எரிகிறது. பின்னால் ஹாரன் அலறுகிறது. பயிற்சியைத் தொடங்க அதுவே போதும்.